மூணு மணி சார்

அலுவலகத்தில் எனக்கு 'மூணு மணி சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் காதில் விழுந்திருக்கிறது, விழுந்தபோது உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்திருக்கிறது. விடியாத மூன்றேகாலுக்கு வாட்ஸ்அப்பில் கோப்பு எண்ணைப் போட்டு 'இது என்ன ஆச்சு?' என்று கேட்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், "தினமும் எப்படி சார் முடியுது?" என்று கேட்டான். பிரம்ம முகூர்த்தத்தின் பெருமையை அரை மணி நேரம் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். ராத்திரி ஒன்பதரைக்கே படுத்துவிட வேண்டும், அந்த நேரத்துக் காற்றே தனி, மனசு பளிங்கு மாதிரி இருக்கும் என்றெல்லாம். பாவம், டைரியில் குறித்துக்கொண்டான்.

அத்தனையும் டூப்பு. மூன்று மணிக்கு நான் எழுந்திரிப்பதில்லை. மூன்று மணிக்கு என் தூக்கம் போய்விடும், அவ்வளவுதான். நான் அடித்துவிட்ட கணக்கும் தப்பு. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்குவது. மதுரையில் எந்த மாதத்தில் பார்த்தாலும் நாலேகாலுக்கு முன்னால் அது வராது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவரும் அன்றைக்கு அங்கே இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

தொடக்கத்தில் விழிப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நடுராத்திரி அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்தார். விழிப்பு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. கண் திறந்ததும் கை செல்போனுக்குப் போகும். மணி 2.50. 'இப்பத் தூங்கினாக்கூட மூணு மணி நேரம் கிடைக்கும்' என்று ஒரு கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தால் 3.20, கணக்கைத் திருத்த வேண்டும். அப்புறம் வீட்டுக் கடன், சர்க்கரை, தங்கச்சி கல்யாணத்தில் சம்பந்தி சொன்ன ஒரு சொல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். பகலில் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் அந்த நேரத்தில் மலையாக நிற்கும்.

இதற்கு நடுவே எனக்குப் படிப்பாளித்தனமான ஒரு சாக்கும் கிடைத்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் ஈகிர்ச் 2001இல் ஒரு கட்டுரையும் 2005இல் ஒரு புத்தகமும் எழுதினார். மின்விளக்கு வராத காலத்து ஐரோப்பாவில் ஜனங்கள் ராத்திரியை முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கினார்கள், இடையில் விழித்துப் பேசினார்கள், பிரார்த்தனை செய்தார்கள் என்பது அவர் கட்சி. தாமஸ் வேர் என்ற மனநல மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் சிலரைத் தினமும் 14 மணி நேரம் இருட்டில் இருக்கவைத்துப் பார்த்தார். சில வாரங்களில் அவர்கள் தூக்கமும் அப்படித்தான் பிரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னுடையது நோயே கிடையாது, ஆதி மனிதனின் வழக்கம் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டதும் உண்டு. அவர்கள் இடையில் விழித்தாலும் திரும்பப் படுத்துத் தூங்கினவர்கள். நானோ ஒன்பதரைக்குக் கட்டிலில் விழுந்து பதினொன்று வரை செல்போனைத் தேய்க்கிறவன், மூன்று மணிக்குப் பிறகு தூங்காதவன். ஜெரோம் சீகல் என்பவரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. தான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்சாரம் எட்டாமல் வாழும் மூன்று மக்கள் கூட்டங்களைப் பார்த்தார்கள். நடுராத்திரியில் நீண்ட நேரம் விழித்திருப்பது அவர்களிடம் வழக்கமாக இல்லை. அதை மட்டும் நான் யாருக்கும் ஃபார்வர்டு பண்ணவில்லை.

இதெல்லாம் வெளியே அடித்த தம்பட்டம். யாருக்கும் பெரிய சேதமில்லை, அந்த டைரிப் பையனைத் தவிர. வீட்டுக்குள் நான் செய்ததைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

மகன் பிளஸ் டூ படித்த வருடம். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன், சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகும். அவனை நாலு மணிக்கு எழுப்பினேன். முதலில் விளக்கைப் போடுவேன். அசையாவிட்டால் ஃபேனை நிறுத்துவேன். மதுரைக் கோடையில் ஃபேன் நின்றால் பிணமும் எழுந்து உட்காரும். எழுந்து மேஜைக்கு வருவான், கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறப்பான், கொஞ்ச நேரத்தில் நெற்றி பக்கத்தைத் தொட்டுவிடும். ஒருநாள் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தான். கோபம்கூட இல்லை, அவ்வளவு தூக்கம். தண்ணீர் பட்டு உப்பிப்போன பக்கங்களை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தது அவன் அம்மா.

பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. மெலடோனின் சுரப்பதே ராத்திரி தாமதமாகத்தான். அந்த வயசுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பிந்திய ராத்திரியில் வருகிற கனவுத் தூக்கத்தைத்தான் நாலு மணி எழுப்பல் அப்படியே வெட்டி எறிகிறது. பகலில் படித்தது மண்டையில் தங்குவதற்குத் தூக்கம் அவசியம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அன்றைக்கே தெரிந்திருந்தாலும் எழுப்பியிருப்பேன்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளும் எழுப்பினேன். விளக்கைப் போட்டேன், ஃபேனை நிறுத்தினேன். எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பரீட்சை முடிஞ்சிருச்சுப்பா" என்றான். நான் கொஞ்சம் முழித்துவிட்டு, "தெரியும்டா... டீ போடுறேன், குடிக்கிறியா?" என்றேன். திட்டிவிட்டுப் படுத்திருக்கலாம். அடுப்படிக்கு வந்தான், மேடையில் ஏறி உட்கார்ந்தான், டீயைக் குடித்தான். கிரிக்கெட் பற்றி ஏதோ பேசினோம். எனக்கு அந்தக் காலை ரொம்பப் பிடித்திருந்தது.

அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, மூன்று மணிக்கு வீட்டில் சத்தம் போடத் தொடங்கினேன். பின்வாசல் தாழ்ப்பாளை வேண்டுமென்றே படாரென்று இழுப்பேன். குடத்தை நங்கென்று வைப்பேன். மனைவி ஒருநாள் அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். "நீங்க ஒருநாளாவது பிள்ளைய படிக்கவா எழுப்புனீங்க? துணைக்கு எழுப்புனீங்க. இப்ப அவன் இல்லைன்னதும் என்னைய எழுப்புறீங்க" என்றாள். போய்ப் படுத்துவிட்டாள். அவள் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. ஊரே தூங்குகையில் நான் மட்டும் விழித்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒழுக்கம், படிப்பு, முகூர்த்தம் என்று பெயர் வைத்தேன். மதுரை தூங்கா நகரம் வேறு. மாட்டுத்தாவணிப் பக்கம் போயிருந்தால் அந்நேரத்துக்கே பூ மூட்டை இறக்குகிற ஆளும் டீ ஆற்றுகிற ஆளும் துணைக்குக் கிடைத்திருப்பார்கள். பிள்ளையின் தூக்கத்தைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் போனேன். சர்க்கரை பார்த்தார், சிறுநீருக்காக எழுந்திரிக்கிறேனா, குறட்டை உண்டா, மூச்சு நிற்கிறதா என்று விசாரித்தார். அப்பாவின் மாத்திரை டப்பாவில் மிச்சமிருந்த அல்பிரசோலத்தைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டதையும் ஒப்புக்கொண்டேன். நல்ல டோஸ் கிடைத்தது, மாத்திரையில் இல்லை, வாயில். பிறகு பொறுமையாக விளக்கினார். ராத்திரித் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கம் முன்பாதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும், பின்பாதியில் லேசாக விழிப்பு தட்டுவது எல்லாருக்கும் உண்டு. அவர்கள் புரண்டு படுக்கிறார்கள். நான் மணி பார்த்து, கணக்குப் போட்டு, பயந்து, முழுசாக எழுந்துவிடுகிறேன். விழிப்பை ஆரம்பித்துவைத்தது அப்பாவின் நோய், வளர்த்தது நான்.

மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016லேயே சொல்லிவிட்டதாம். அந்தச் சிகிச்சையின் விதிகள் அதைவிடப் பழையவை, 1970களிலும் 80களிலும் உருவானவை. படுக்கையறையில் கடிகாரம் கூடாது. தூக்கம் வராமல் கொஞ்ச நேரம் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்பலாம். முக்கியமானது, தூக்கம் பத்தவில்லை என்று சீக்கிரம் படுக்கக் கூடாது. எட்டரை மணி நேரம் கட்டிலில் கிடந்து நாலு மணி நேரம் தூங்குகிறவனுக்கு அவர் எழுதிக் கொடுத்தது: படுக்கை பதினொன்றரைக்கு, எழுந்திரிப்பது ஐந்தரைக்கு, ஞாயிறு உட்பட. மத்தியானத் தூக்கம் கிடையாது, நாலு மணிக்கு மேல் காபி டீ கிடையாது.

முதல் வாரங்கள் நரகம். கோப்பின் மேலேயே சாய்ந்துவிட்டேன். டைரிப் பையன்தான் தோளைத் தட்டினான். அன்றைக்கு அவனிடம், நான் முன்னால் சொன்னதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு என்றேன். நாலு நாள் முயற்சி பண்ணிவிட்டு அப்போதே விட்டுவிட்டதாகச் சொன்னான்.

இப்போதும் விழிப்பு வருகிறது. தினமும் இல்லை. வந்தால் அடுப்படிக்குப் போய் ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டு, தண்ணீரில் ஊறவைத்த சின்ன வெங்காயத்தை உரிக்கிறேன். தோல் வழுக்கிக்கொண்டு வரும், விரல் நுனி லேசாக எரியும், யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. கால் கிலோ முடிவதற்குள் கொட்டாவி வந்துவிடும். செல்போன் இரவெல்லாம் ஹாலில் கிடக்கிறது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

மகனிடம் போன மாதம் போனில் சொன்னேன், உன்னைப் படிக்க எழுப்பவில்லை, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று. "தெரியும்ப்பா" என்றான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தீபாவளிக்கு வருகிறான். அன்றைக்கு மட்டும் நாலு மணிக்கு எண்ணெய் தேய்க்க எழுப்புவேன் என்று அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவன் ஆறு என்கிறான். அவன் அம்மா ஐந்தரையில் வந்து நிற்கிறாள். பேரம் இன்னும் படியவில்லை.