கியர்பொக்ஸ் போச்சு எண்டு சொல்ல முந்தி

ஓட்டோ கியர் கார் வச்சிருக்கிற சனம் கேக்கப் பயப்பிடுற வசனம் ஒண்டு இருக்கு: "கியர்பொக்ஸ் போச்சு, மாத்தத்தான் வேணும்." 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை பழைய யப்பான் கார்களோடுதான் எல்லாரும் சமாளிச்சவை. கராஜில் வேலை பழகின எங்கள் மூண்டு பேருக்கும் அந்தக் காலம்தான் பள்ளிக்கூடம்.

ஹயர் ஓடுற ஒரு அண்ணையின்ர கார் வந்தது. இரண்டிலிருந்து மூண்டுக்கு மாறேக்க பலமா இடிக்கும். கார் நிண்டால் வீட்டில் வருமானமும் நிண்டுபோகும். ஒயிலை மணந்து பாத்தம், கருகின மணம் இல்லை. கிளச் தட்டுகள் எரியேல்லை எண்ட நம்பிக்கையில் வால்வ் பொடியைக் கழட்டினம்.

ஒயில் தட்டுக்கு மேல இருக்கிற அலுமினியத் துண்டு அது. உள்ளுக்குள்ள புழு அரிச்ச மாதிரி வழிகள். எந்தக் கிளச்சுக்கு எப்ப ஒயில் அழுத்தம் போகவேணும் எண்டதை அதில் ஓடுற சின்ன வால்வுகள்தான் தீர்மானிக்கும். நுண்ணிய உலோகத்தூள் ஒரு வால்வை இறுக்கினாலே கியர் இடிக்கும்.

போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அதனால அட்டையில் படம் கீறி, அந்தந்த இடத்திலேயே குத்தி வச்சம். நடுத்தகட்டை ஆறுதலாத் தூக்கவேணும். கீழே இருக்கிற சின்னக் குண்டுகளில் ஒண்டு இடம்மாறினாலும் கியர் பிழைக்கும். ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுத்தம். நூல் பிரியிற துணி கூடாது. கழுவி, காத்தடிச்சுத்தான் காயவைக்கவேணும். வால்வில ஒயில் பூசி, ஓட்டையை நிமித்திப் பிடிச்சால், அது தன்ர பாரத்திலேயே வழுக்கி இறங்கவேணும். ஒண்டு மட்டும் பாதியில நிண்டது. மண்கடதாசி போடாமல், திரும்பத் திரும்பக் கழுவி விடுவிச்சம். பூட்டி ஓடிப் பாத்தால் இடி இல்லை.

எல்லாக் காரும் இப்படித் தப்பாது. வால்வ் ஓடுற ஓட்டையே தேஞ்சால் கழுவிப் பிரயோசனமில்லை. ஆனாலும், மாத்தச் சொல்லுற ஆளிட்டக் கேளுங்கோ: ஒயிலைப் பாத்தீங்களா? வால்வ் பொடியைத் திறந்தீங்களா? காசு குடுக்கிறவருக்கு அந்தக் கேள்வி கேக்க உரிமை இருக்கு.