கீம் குடாவில் ஒரு மாலைப்பொழுது

"மனிதக் கால் படாத கடற்கரை" என்ற சொற்றொடரைச் சுற்றுலாத்துறையினர் தாராளமாகவே பயன்படுத்தி வருகின்றனர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தைச் சேர்ந்த அக்கில் தீவிலுள்ள கீம் குடாவைப் பற்றியும் அவ்வாறே எழுதுகின்றார்கள். அக்கடற்கரையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால், அது மனிதக் கால் படாத இடந்தானா என்பது வேறு விடயம்.

அயர்லாந்தின் கரையோரத் தீவுகளுள் அக்கில் மிகப் பெரியது. 1887ஆம் ஆண்டிலேயே அது பெருநிலப்பரப்புடன் பாலத்தால் இணைக்கப்பட்டுவிட்டது. தீவின் மேற்கே டூஆ என்ற கடைசிக் கிராமத்தைத் தாண்டியதும், வீதி ஒடுங்கி மலைச்சரிவில் ஏறுகின்றது. இடப்புறத்தில் வெகு ஆழத்தே அத்திலாந்திக் சமுத்திரம். வீதியின் நடுவே படுத்திருக்கும் செம்மறியாடுகள் வாகனத்தைக் கண்டு எழுவதாயில்லை. ஒரு வளைவைக் கடந்ததும் குதிரை லாடம் போன்ற குடா கீழே தென்படுகின்றது. வெண்மணல், பச்சையும் நீலமும் கலந்த நீர், மூன்று புறமும் புல் போர்த்த மலைகள். வடக்கே நிற்கும் குரோஹான் மலையின் உயரம் 688 மீற்றர். அதன் மறுபுறம் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகின்றது. ஐரோப்பாவின் மிக உயரமான கடற்பாறைச் சரிவுகளுள் அதுவும் ஒன்று. நான் சென்றது செப்டெம்பர் மாத இறுதியில். காற்றின் இரைச்சலையும் அலையோசையையும் தவிர வேறு சத்தமில்லை.

அத்தகைய அமைதியான நீரில்தான் ஒரு காலத்தில் பெரும் வேட்டை நடந்தது. உலகின் மீன்களுள் இரண்டாவது பெரிய இனமான, மேற்பரப்பில் வெயில் காய்வது போல மெல்ல நீந்தும் ஒருவகைச் சுறா கோடை தொடங்கும்போது இங்கு வரும். பழைய ஐரிஷ் மீனவர்கள் அதனைச் 'சூரிய மீன்' என்றனர். பத்து மீற்றர் வரை வளரக்கூடிய இந்தச் சுறா மனிதரைத் தீண்டுவதில்லை. வாயைத் திறந்தபடி நீந்தி மிதவையுயிர்களை வடித்து உண்ணும். கரையோரம் விரித்த வலையில் அது சிக்கியதும், மரச்சட்டத்தில் துணி போர்த்திய மெல்லிய படகுகளில் சென்று ஈட்டியால் குத்திக் கொல்வார்கள். அதன் ஈரலில் இருந்து எடுக்கப்படும் எண்ணெய்க்கு நல்ல விலை இருந்தது. 1947 முதல் 1975 வரை அக்கிலில் மட்டும் 12,000க்கும் அதிகமான சுறாக்கள் கொல்லப்பட்டன. பின்னர் வேட்டையாட மீன் இல்லாமற் போனது. 2022ஆம் ஆண்டில்தான் அயர்லாந்து அரசு அவ்வினத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. ஆயினும் அந்த மீனவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வேறு தொழில் இல்லாத தீவில் அது ஒரு பருவத்துச் சோறு.

எமது பத்திரிகைகளில் 'பகிஷ்கரிப்பு' என்ற சொல் இடம்பெறாத வாரம் அரிது. அதன் ஆங்கிலச் சொல்லான 'பொய்கொட்' ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட் 1850களில் அக்கிலுக்கு வந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கேதான் காணி வைத்திருந்தார். பின்னர் மேயோவின் உட்பகுதியில் ஒரு பிரபுவின் காணி முகவரானார். 1880இல் குடியானவர்கள் வாடகைக் குறைப்புக் கோரியபோது அவர் மறுத்தார். கூலியாட்கள் வேலைக்கு வர மறுத்தனர். கடைக்காரர்கள் பொருள் கொடுக்க மறுத்தனர். கல்லெறியாமல், சுடாமல் ஓர் அதிகாரத்தைத் தனிமைப்படுத்திய அந்தப் போராட்டம் உலகத்திற்கு ஒரு சொல்லைத் தந்தது.

கீமிலிருந்து திரும்பும் வழியில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்திற்குச் சென்றேன். எண்பதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட கல்வீடுகள் கூரையின்றி வரிசையாக நிற்கின்றன. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதையடுத்து ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் அயர்லாந்து முழுவதும் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதேயளவினர் நாட்டை விட்டுப் போயினர். இக்கிராமத்தவர்கள் உணவு தேடிக் கடலோரத்துக்கும் கடல் கடந்தும் பெயர்ந்தனர். சாய்வெயிலில் பார்த்தால் அவர்கள் கிழங்கு நட்ட வரம்புகள் இன்றும் வரிவரியாகத் தெரிகின்றன. ஜேர்மன் எழுத்தாளர் ஹைன்ரிக் போல் 1957இல் வெளியான தமது அயர்லாந்துக் குறிப்புகளில் இந்த ஊரைப் பற்றி எழுதியுள்ளார். கூரையற்ற வீடுகள் எமக்குப் புதிய காட்சியல்ல. எனினும், அவற்றுள் நுழைந்து அடுப்படி எது, மாட்டுக்கொட்டில் எது என்று தேடியபோது நெஞ்சு கனத்தது.

டூஆ கிராமத்தில் இன்னொரு விநோதமும் உண்டு. 1984ஆம் ஆண்டுப் புயல்கள் அதன் மணற்கரை முழுவதையும் அள்ளிச் சென்று வெறும் பாறைகளை விட்டுவைத்தன. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 2017 ஏப்ரலில், கடலே அந்த மணலைக் கொண்டுவந்து கொட்டியது. ஊர் மக்கள் கொண்டாடினர். 2019இல் மீண்டும் அது மறைந்து போனது. கடலின் கணக்கு வழக்குகள் அப்படி.

மணல் போனாலும் ஒருநாள் திரும்பக்கூடும். ஸ்லீவ்மோரிலிருந்து போனவர்களின் சந்ததியினர் சுற்றுலாப் பயணிகளாகத்தான் திரும்புகின்றனர். ஓரிடம் ஆளரவமற்று இருப்பதனாலேயே அதனைத் 'தூய்மையானது' என்று நாம் கருதிவிடுகின்றோம். அங்கு ஆட்கள் ஏன் இல்லை என்று கேட்பதில்லை. அக்கிலுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கும் நண்பர்கள், கீம் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாமல், ஸ்லீவ்மோரிலும் ஒரு மணிநேரம் நடந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.