மணமகனின் தோழன்

திருமண வரவேற்பு மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்குகிறவர் எவராயினும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "நேரத்தின் அருமை கருதி, சுருக்கமாகப் பேசி அமர்கிறேன்." அதன் பிறகு அவர் அமர அரைமணி நேரம் ஆகும். பந்தியில் இலை போட்டவர்கள் காத்திருப்பார்கள். குழந்தைகள் அழத் தொடங்கும். மணமக்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். இத்தகைய உரைகளைக் கேட்டுச் சலித்தவன் நான். ஆயினும் என் உயிர் நண்பனின் திருமணத்தில் பேசும் வாய்ப்பு எனக்கே வந்தபோது, நானும் நான்கு முழுத்தாள்களை எழுதி நிரப்பியிருந்தேன். அந்த நான்கு தாள்களும் என்னவாயின என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தில், லோக்கூரைத் தாண்டி மொரப்பூருக்கு முன்னால் வரும் ஊர் பொம்மிடி. அவனும் நானும் அப்பகுதியின் ஒரே பங்கைச் சேர்ந்த பிள்ளைகள். நாங்கள் பீடச் சிறுவர்களாக நின்ற நாள்களில் எங்கள் பங்கு சேலம் மறைமாவட்டத்தில் இருந்தது. 1997-ஆம் ஆண்டில்தான் தருமபுரி தனி மறைமாவட்டமாயிற்று. அவனுக்குப் பதினேழு வயது நடக்கும்போது தந்தை இறந்துபோனார். தாயும் இரண்டு தங்கைகளும் அவன் பொறுப்பாயினர். படிப்பை விட்டுவிட்டு, நிலையத்துக்கு அருகே ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சில ஆண்டுகளில் அந்தக் கடையையே எடுத்து நடத்தினான்.

நான் சேலத்தில் பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, மாலைக் கல்லூரியில் படித்தேன். இரவு வண்டியில் பொம்மிடி வந்து இறங்கினால், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருபுறமும் புளியமரங்கள், விளக்கில்லாத சாலை. நான் நடந்து வருவதை ஒருநாள் பார்த்த அவன், மறுநாள் முதல் கடையை அடைத்துவிட்டு நடைமேடைக்கு வரத் தொடங்கினான். சைக்கிளின் பின்னிருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புவான். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இது தொடர்ந்தது. அவன் அதை ஓர் உதவியாக எண்ணியதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு. மலையில் பெய்த பெருமழையால் வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பின் பொம்மிடியில் இறங்கியபோது நள்ளிரவு கடந்திருந்தது. செய்தி சொல்லக் கைப்பேசி இல்லாத காலம். அவன் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். நடைமேடை விளக்கின் கீழே, நனைந்த சட்டையோடு, சைக்கிளைப் பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். பின்னிருக்கை நனையாமலிருக்க அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தான். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறு" என்றான். அவ்வளவுதான்.

ஆண்டுகள் ஓடின. நான் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன், மணம் முடித்தேன். அவன் தங்கைகள் இருவருக்கும் மணம் செய்து வைத்தான். தனக்கு வந்த வரன்களைத் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் அவனது முப்பத்தெட்டாம் வயதில், மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்பட்டு, அவனுக்கும் திருமண நாள் வந்தது. அவனுடைய தாயார் என்னை அழைத்துச் சொன்னார்: "தம்பி, அவங்க அப்பா இருந்து பேச வேண்டிய இடம் அது. நீ ரெண்டு வார்த்தை பேசுப்பா."

அந்த அம்மா கேட்டது இரண்டு வார்த்தை. நான் எழுதியது நான்கு தாள்.

அவற்றில் பொய் எதுவும் இல்லை. தந்தையில்லாத குடும்பத்தை அவன் தாங்கிய வரலாறு, தங்கைகளின் நகைக்காக அவன் பட்ட கடன், அவர்களுக்காகத் தள்ளிப்போட்ட திருமணங்கள், ஒரே சட்டையோடு அவன் கழித்த கிறிஸ்துமஸ் பெருவிழாக்கள் என எல்லாம் இருந்தன. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் கைதட்டல் எழும் என்றுகூட நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முந்திய இரவு அதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க இதைப் படிக்கும்போது, அவரோட தங்கச்சிங்க ரெண்டு பேரும் முகத்தை எங்கே வெச்சுக்குவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. சற்றுக் கோபமும் வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன குற்றம் என்று வாதாடினேன். படுத்த பின்னும் உறக்கம் வரவில்லை. அந்தத் தங்கைகள் கணவரோடும் மாமியாரோடும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய அண்ணன் இருபது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாமல் மூடி வைத்ததை, நான் ஒலிபெருக்கி வைத்துத் திறந்து காட்டப் போகிறேன். அவன் கொடையாகக் கொடுத்ததை, என் பேச்சு கடனாக மாற்றிவிடும். அன்று மாலைதான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் மணமகளோ, ஒரு பெரிய தியாகியின் வாழ்க்கையில் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தவளாகத் தன்னை உணர்வாள். இத்தனையும் எதற்காக? என் நன்றிக்கடனை ஊரறியத் தீர்த்துக்கொள்ளவும், நன்றாகப் பேசினான் என்று பெயர் வாங்கவுமே. நான் எழுதியது அவனைப் பற்றிய உரைபோல் தோன்றினாலும், அதன் உள்ளே நின்றவன் நான்தான்.

அந்த இரவில் கானாவூர் திருமணம் என் நினைவுக்கு வந்தது. யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் அன்னை மரியா பேசுவது இரண்டே முறை. இரசம் தீர்ந்த செய்தியைத் தம் மகனிடம் சொல்கிறார். மகன் சொல்வதைச் செய்யும்படி பணியாளர்களிடம் சொல்கிறார். அத்துடன் அவரது பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வீட்டின் குறையைத் தீர்க்கக் கூடியவரிடம் மட்டுமே அவர் அதைச் சொன்னார். விருந்தினர் நடுவே சொல்லவில்லை. நல்ல இரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி மேற்பார்வையாளருக்குக்கூடத் தெரியாமல் போயிற்று. அந்தக் குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. திருமண வீட்டில் எதைப் பேசுவது என்பதைவிட, எதைப் பேசாமல் மூடுவது என்பதிலேயே அன்பு அதிகம் வெளிப்படுகிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

நற்செய்தியில் ஒரு மாப்பிள்ளைத் தோழனும் வருகிறார். அடுத்த அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழனாகவே உருவகப்படுத்துகிறார். யூதர்களின் வழக்கத்தில் அத்தோழனுக்குத் திருமண ஏற்பாடுகளில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் யோவான் அத்தோழனின் வேலையாகக் குறிப்பிடுவது நிற்பதையும் கேட்பதையும்தான். மணமகனின் குரலைக் கேட்டு அவர் மகிழ்கிறார். தாம் குறைந்து அவர் பெருகுவதே முறை என்கிறார். தோழன் பேசவே கூடாது என்பது இதன் பொருளன்று. பேசி முடித்ததும் விலகி நிற்கத் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும்.

நம் திருச்சபையின் திருமண முறையே இதைக் கற்பிக்கிறது. திருமணம் என்னும் அருள்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறவர்கள் மணமக்களே என்பது நம் இலத்தீன் வழிபாட்டு மரபின் போதனை. அருள்பணியாளர் அவர்களது ஒப்புதலைக் கேட்டு, திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அவரோடு இரண்டு சாட்சிகளும் உடனிருக்க வேண்டும் என்கிறது. எண்ணிப் பாருங்கள்: பீடத்தின் முன் அந்த ஒரு நிமிடத்தில் பேசுகிறவர்கள் மணமக்கள் இருவர் மட்டுமே. மற்ற அனைவரும், குருவும்கூட, கேட்டுச் சாட்சியாக நிற்கிறவர்களே.

தமிழ்நாட்டில் திருமண மேடைப் பேச்சுக்குத் தனி வரலாறு உண்டு. சடங்குகளை நீக்கிய சுயமரியாதைத் திருமணங்களில் தலைவர்களின் சொற்பொழிவே முதன்மை பெற்றது. அத்திருமணங்களைச் செல்லத்தக்கனவாக்கும் சட்டத்தை அண்ணாவின் அரசு 1967-இல் இயற்றியது. அங்கே ஒரு புதிய கொள்கையை மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது; பேச்சு நீண்டதற்குக் காரணம் இருந்தது. நம் திருமணங்களிலோ விளக்க வேண்டியதை மறையுரை விளக்கிவிடுகிறது. நண்பனுக்கு எஞ்சியிருப்பது ஒரே வேலைதான்: மணமக்களுக்குத் தான் மட்டுமே தரக்கூடிய ஒன்றைத் தந்துவிட்டு அமர்வது. குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொற்களை விரும்புவார்கள் என்று வள்ளுவரும் சொல்வன்மை அதிகாரத்தில் நம்மை எச்சரிக்கிறார்.

நான்கு தாள்களையும் கிழித்துப் போட்டேன். வண்டியில் வரும்போது, பயணச்சீட்டின் பின்புறத்தில் சில வரிகளை மட்டும் குறித்துக்கொண்டேன். வரவேற்பில் என் முறை வந்தபோது நான் பேசியது இவ்வளவுதான்:

"எங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருக்கும் தங்கைக்கு ஒரு செய்தி. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை இரவில், நான் வந்த வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து இறங்கினேன். இவன் நின்றுகொண்டிருந்தான். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை, 'ஏறு' என்றான். அம்மா, வாழ்க்கையில் உனக்கும் சில வண்டிகள் தாமதமாக வரும். அப்போதும் இவன் நிற்பான். நண்பனுக்கும் ஒரு செய்தி. பிறருக்காகக் காத்து நிற்க உனக்குத் தெரியும். உனக்காக ஒருவர் காத்து நின்றால் அதை ஏற்றுக்கொள்ள உனக்குத் தெரியாது. இனிமேல் அதைக் கற்றுக்கொள். தோபியா தம் மணநாள் இரவில் வேண்டிக்கொண்டதைப் போல, நீங்கள் இருவரும் சேர்ந்தே முதுமை அடைய இறைவன் அருள்வாராக."

இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. நான் எண்ணியிருந்த கைதட்டலும் எழவில்லை. எல்லோரும் சற்று அமைதியாக இருந்தார்கள். நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்கு மட்டுமன்று, தவறும்போது இடித்துரைப்பதற்கும் உரியது என்கிறது குறள். கொடுக்க மட்டுமே தெரிந்து, வாங்கத் தெரியாமலிருந்தது என் நண்பனின் ஒரே குறை. அதைத் திருமண நாளில் சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் அவன் தலை குனிந்து புன்னகைத்தான். மணமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு இடம் விட்டு நான் அமர்ந்துவிட்டேன்.

பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் அவனுடைய இளைய தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, நீங்க மைக்கைப் பிடிச்சதுமே எனக்குப் பயமாப் போச்சு. வேற எதையாவது சொல்லிடுவீங்களோன்னு நெனச்சேன்" என்றாள். மேலே பேசவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். என் மனைவி சற்றுத் தொலைவில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நான்கு தாள்களோடு நான் மேடை ஏறியிருந்தால், அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றிருப்பாளா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

அன்பர்களே, நீங்களும் ஒருநாள் உங்கள் நண்பனுக்காக அந்த மேடையில் ஏறக்கூடும். உங்கள் பேச்சில் மணமகளுக்கு ஓர் இடம் இருக்கட்டும். அவளுக்குப் புரியாத பழங்கதைகள் வேண்டாம். உங்கள் நண்பன் எதை மறைத்து வைத்தானோ அதை நீங்களும் மறைத்து வையுங்கள். அவனிடம் நீங்கள் கண்ட உண்மை ஒன்றை, ஒன்றை மட்டும், அவளுடைய கையில் கொடுங்கள். ஒரு சிறிய மன்றாட்டோடு முடியுங்கள். பிறகு விலகி நில்லுங்கள்.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். அன்றும் வண்டி தாமதம். இப்போது கைப்பேசி இருக்கிறது. வர வேண்டாம் என்று இருமுறை சொல்லியிருந்தேன். இறங்கிப் பார்த்தால், பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவனருகே அவன் மனைவியும் நின்றிருந்தாள்.

"வீட்ல இருங்கன்னா கேக்க மாட்டேங்கறாருங்கண்ணா. தனியா நிக்க வேண்டாமேன்னு நானும் வந்துட்டேன்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கத்துக்கிட்டேன்டா" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். அவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.