தட்டை எங்க கழுவறது?

2025 மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அக்கா மகள் 438 மதிப்பெண். என்ன வேண்டும் என்று கேட்டேன். கொலுசு, சுடிதார் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "பீட்சா வாங்கிக் குடு மாமா. வீட்டுக்கு வாங்கியாராத. கடையில உக்காந்து திங்கணும்" என்றாள்.

உட்கார்ந்து தின்ன வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்த ஆசை இருக்கிறது. பண்டம்தான் மாறுகிறது.

ரிக் வண்டியும் விசைத்தறியும் லாரிப் பட்டறையும் கொண்டுவந்த காசில் திருச்செங்கோட்டில் இப்போது இந்தமாதிரிக் கடைகள் வந்துவிட்டன. ஏசி, கண்ணாடிக் கதவு, தொப்பி போட்ட பையன்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். கதவுக்கு வெளியே அம்மா செருப்பைக் கழற்றினார். (பேச்சில் அம்மாவை 'நீ, வா, போ' என்றுதான் சொல்கிறேன். எழுத்திலாவது 'ர்' போடுகிறேன். அவருக்கு வேறு யாரும் போட்டதில்லை.) "போட்டுக்கிட்டே வா ஆயா" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுத்தாள். சுவரோரமாய்க் கடைசி மேசையைப் பார்த்துப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

இருக்கிற வகைகளைப் பிள்ளை வாசித்துச் சொன்னாள். "இதுல மாட்டுக்கறி போடுவாங்களா?" என்று அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். பிள்ளை முகம் செத்துப்போனது. "ஆயா, மெதுவா பேசு." பக்கத்து மேசையில் யாரும் திரும்பவில்லை. ஆனால் திரும்புவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழோடும் கணக்கோடும் இதையும் சேர்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள்.

கோழிக்கறி போட்டது ஒன்று வாங்கினோம். அம்மா ஒரு நாள் களை வெட்டும் கூலியைவிட விலை அதிகம். ஒரே வட்டம், எட்டுத் துண்டு, ஆளாளுக்குக் கை நீட்டி எடுத்தோம். "ரொட்டி மேல சவ்வாட்டம் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்தார்.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். அம்மா முப்பது வருசம் வேலைக்குப் போன தோட்டத்துக்காரரின் பேரன். இருபத்தைந்து வயதிருக்கும். கூட நண்பர்கள். அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "என்ன, நீயும் பீட்சா திங்க வந்துட்டயா?" என்றான். வாயில் ரொட்டியோடு அம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஆமாங்க சாமி, புள்ள கூட்டியாந்துச்சுங்க." அவன் சிரித்துக்கொண்டே போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தான்.

அவன் மனதில் கெடுதல் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பாசமாகத்தான் கேட்டான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் 1989ஆம் வருசத்து வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. பாசத்துக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசுகிற நான் அன்றைக்கு என்ன செய்தேன்? "உக்காரும்மா" என்றேன். அதையும் மெதுவாகச் சொன்னேன்.

தின்று முடித்ததும் அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதைய எங்க கழுவறது?" தொப்பி போட்ட பையன் ஒருவன் ஓடி வந்து, "வெச்சுருங்க பாட்டிம்மா, நாங்க எடுத்துக்கறோம்" என்று தட்டைப் பிடித்தான். அம்மா விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிள்ளை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று அலுமினிய டம்ளர். தாவாரத்தில் செருகியிருக்கும். நாமே எடுத்துக் கழுவிக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். டீ மேலேயிருந்து விழும். குடித்துவிட்டுக் கழுவி மறுபடியும் செருக வேண்டும். பெஞ்சு உண்டு, அது எங்களுக்கில்லை. காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே காசு. ஆயா காலத்தில் கொட்டாங்குச்சி என்பார்கள். டம்ளரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் அப்பாவோடு போய் நானே அதில் குடித்தவன். பிறகு பேப்பர் கப் வந்தது. சாதி ஒழிந்துவிட்டது என்று சில தோழர்கள் சந்தோசப்பட்டார்கள். போய்ப் பார்த்தால், பேப்பர் கப் எங்களுக்கு, கண்ணாடி கிளாஸ் அவர்களுக்கு.

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைக்கும் உணவு விடுதிக்கும் உள்ளே போகிற உரிமையைத் தந்தது. 1955ஆம் வருசத்துச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: விடுதியில் பொதுவுக்கு வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தாலும் குற்றம். டம்ளருக்கென்றே எழுதியது போன்ற வரி அது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். தீண்டாமை ஒழிப்பும் அதன் வேலைகளில் ஒன்று. அதைத் திறந்து வைத்தவர் அப்போது காங்கிரசில் இருந்த பெரியார். நூறு வருசம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் தட்டோடு நிற்கிறார்.

கிளம்பும்போது பிள்ளை, "அடுத்த தடவ கிளாஸ் பசங்களோட வரேன் மாமா" என்றாள். சரி என்றேன். அடிவயிறு கலங்கியது. கோகுல்ராஜ் 2015 ஜூனில் கூடப்படித்த பெண்ணோடு போனது இந்த ஊர் மலைக்கோயிலுக்குத்தான். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்ததால் எங்கள் பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று பார்க்கிற கண்கள் மூடிவிட்டனவா?

பில்லோடு பையன் செல்போனை நீட்டினான். சுவை எப்படி, சேவை எப்படி, சுத்தம் எப்படி, அஞ்சு ஸ்டார் போடுங்க சார் என்றான். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா, "அவனுக்கு எத்தன வேணுமோ அத்தனையும் போட்டுடு. எந்தட்டத் தொட்டு எடுத்துட்டுப் போனானே" என்றார். போட்டேன்.

அடுத்த மாதம் பிள்ளை தான் சேர்த்து வைத்த காசில் வேறொரு கடையிலிருந்து செல்போனிலேயே பீட்சா வரவழைத்தாள். சாப்பாட்டை வீடு தேடிக் கொண்டுவருகிற இந்தத் தொழிலில், 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சைவம் சுமக்க மட்டும் தனி ஆட்கள், அவர்களுக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டார்கள், தனி ஆட்களைக் கைவிடவில்லை. அலுமினிய டம்ளர் எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, பசிக்கிறது.

வண்டிக்காரர் போன் செய்தார். "காலனிங்களா? உள்ள வரமாட்டனுங்க. மெயின்ரோட்டுக்கு வந்து வாங்கிக்குங்க." 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். எங்கள் தெரு சிமெண்டு ரோடு. கேஸ் வண்டி வருகிறது. ஓட்டுக் கேட்டு வண்டி வருகிறது. நான் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். தோட்டத்து வீட்டு வாசலில் சோறு வாங்கப் போகும்போது கொண்டுபோவாரே, அந்தத் தூக்குப்போசி கையில் இருந்தது.