தரையிலிருந்து அளந்த வேகம்

மாலை வேளைகளில் திருத்தணியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்திருப்பது என் வழக்கம். 365 படிகள் கொண்ட மலைக்கு அப்பால், சென்னையை நோக்கி இறங்கும் விமானங்களின் விளக்குகள் தெரியும். மீனம்பாக்கம் இங்கிருந்து வான்வழியில் ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவே.

10,000 அடிக்குக் கீழே வந்தபின், பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகத்தை விமானங்கள் மீறலாகாது. இதைக் கண்காணிப்பவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர். ஆனால், அவருடைய ராடார் கணக்கிடுவது தரையைக் கடக்கும் வேகத்தை. விதி குறிப்பதோ, விமானத்தின் முன்பகுதியிலுள்ள சிறு குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தால் விமானி அறியும் வேகத்தை. எதிர்க்காற்று வீசினால் தரைவேகம் குறையும், பின்காற்றில் கூடும். புதிய கருவிகள் சில இடங்களில் விமானியின் அளவையே திரைக்குக் கொணர்கின்றன. இல்லாத இடத்தில் அலுவலர் தாமாக முடிவு கட்டுவதில்லை, "உங்கள் வேகம் என்ன?" என்று வானொலியில் விமானியையே கேட்கிறார்.

நான் கேட்டதில்லை. என் மூத்த மகன் தேர்வில் தவறியபோது, "உன் தம்பியைப் பார்" என்று கடிந்தேன். நான் வெளியூரில் பணிபுரிந்த அந்த ஆண்டு முழுவதும், நோயுற்ற தாயருகே இரவுகளில் விழித்திருந்தவன் அவனே என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். அவன் எதிர்கொண்ட காற்று என் கணக்கில் வரவேயில்லை.

நேற்றுத் தொலைபேசியில், "அந்த ஆண்டில் உனக்கு எப்படியிருந்ததப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் மௌனம். பிறகு மெல்லப் பேசத் தொடங்கினான்.