சாமை விதைப்போம்... இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?

நண்பரோட தம்பி ஒருத்தன் ஜவ்வாது மலையில, நம்ம திருப்பத்தூர் பக்கத்து புதூர்நாட்டுல பத்தாவது படிக்கிறான். லீவுக்குப் போறப்பல்லாம் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். நமக்குத் தெரிஞ்ச பாஷை சி ப்ளஸ் ப்ளஸ்தான்னாலும் ஆசை யாரை விட்டது :)

கைடுல பாரா எழுத ஒரு தலைப்பு: 'மலைவாசஸ்தலத்துக்கு ஒரு சுற்றுலா'. மலையிலேயே பொறந்து வளர்ந்தவன் எங்கய்யா சுற்றுலா போவான்? ஆனாலும் மனப்பாடம் பண்ணியிருந்தான். தப்பே இல்லாத இங்கிலீஷ். ஒரு வரிகூட அவனோடது இல்ல.

"அதை விடுறா, உங்க வீட்ல சாமை எப்படிப் பயிர் பண்றீங்கன்னு எழுது"ன்னேன். எட்டு வரி எழுதினான், ஏகப்பட்ட தப்போட. விஷயமே அந்தத் தப்புலதான் மக்களே இருக்கு.

'மழை பெஞ்சதும் விதைப்போம்'கிறதை 'வீ வில் சோ'ன்னு எழுதியிருந்தான். தமிழ்ல 'விதைப்போம்' எதிர்காலத்துக்கும் வரும், வருஷா வருஷம் செய்ற வழக்கத்துக்கும் வரும். இங்கிலீஷ்ல வழக்கம்னா வெறும் 'வீ சோ'. கோடிட்ட இடத்தை நிரப்பிக்கிட்டே இருந்திருந்தா இந்தக் குழப்பம் வெளிய வந்தே இருக்காது.

அடுத்து 'ஏ', 'தி' தகராறு. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு...'ன்னு பாட்டி கதை சொல்வாங்கல்ல? முதல்ல வர்ற 'ஒரு' இடத்துல ஏ, அப்புறம் வர்ற 'அந்த' இடத்துல தி. எல்லா இடத்துலயும் ஒத்து வராது, சூரியனுக்கு எடுத்ததுமே தி போடணும். ஆனா ஆரம்பிக்க இது போதும்.

வார்த்தைகளும் அப்படித்தான். களை எடுக்க 'வீட்', அறுப்புக்கு 'ஹார்வெஸ்ட்'. தன் கை செஞ்ச வேலைங்கிறதால ஒரு தடவை சொன்னதும் ஒட்டிக்கிச்சு.

நடுவுல ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, 'வீ'ன்னு எழுதினா அதுல நீங்களும் சேர்த்தியா?" நாம, நாங்க ரெண்டுக்கும் அங்க ஒரே வார்த்தைதான். இலக்கணத்தை யோசிக்க ஆரம்பிச்சுட்டான் பாருங்க!

பரிட்சைக்கு அந்த சுற்றுலாவையும் படிச்சு வைன்னு சொல்லியிருக்கேன், மார்க்கு முக்கியமாச்சே. ஆனா இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உக்காந்து பார்த்திருக்கேன். 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னா மனப்பாடப் பாரா ரெண்டாவது கேள்வியிலேயே உதிர்ந்துடும். தன் வயலைப் பத்தி நாலு வரி சொந்தமா எழுதினவன் எப்படியாவது சமாளிச்சுடுவான்.

அடுத்த பாரா, அதே மலையில இருக்கிற காவலூர் தொலைநோக்கி. '1986-ல் திறக்கப்பட்டது'ன்னு ஆரம்பிச்சா செயப்பாட்டு வினையும் முடிஞ்சுடும். எப்படி நம்ம ப்ளான்?