டி.எஸ்.எச். 11.2

சோம்பேறி, மறதிக்காரி, எப்பப் பாரு படுக்கை. இரண்டு வருஷமாக வீட்டில் எனக்கு இருந்த பெயர்கள். முடி கொட்டியதற்கு எண்ணெயை மாற்றச் சொன்னார்கள், எடை கூடியதற்கு வாயைக் கட்டச் சொன்னார்கள். ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எடுத்தபோது, ரிப்போர்ட் என் கணவரின் வாட்ஸ்அப்புக்குப் போனது. டாக்டரும் அவரைப் பார்த்தே, "தைராய்டு இருக்கு, மாத்திரை போடட்டும்" என்றார். தைராய்டு எல்லார் கழுத்திலும்தான் இருக்கிறது. நானே உட்கார்ந்து படித்தேன்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்புவது அது. தைராய்டு தளர்ந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். அதனால்தான் தைராய்டு சுரப்பு குறையும்போது இந்த எண் ஏறுகிறது. சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்கும், எனக்கு 11.2. தைராய்டு தரும் டி4 குறைவு. டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம், அதாவது என் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. ஹஷிமோட்டோ நோய். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை விவரித்ததே நான்கு பெண்களின் சுரப்பிகளைப் பார்த்துத்தான். நூறு வருஷம் தாண்டியும் எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சோம்பல்.

விடியற்காலை வெறும் வயிற்றில் மாத்திரை. அப்புறம் அரை மணி நேரமாவது காபி கூடாது. அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போவதில்லை. டிகாக்‌ஷன் இறக்க வீட்டில் இரண்டு பேர் பழகிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். முடிக்காகப் போடும் பயோட்டின் மாத்திரை எண்களைக் குழப்பும், இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். லேபில் என் போன் நம்பரைக் கொடுக்கப்போகிறேன்.